யாருக்கு முதலில் கட்டுவது? கடன் வருமானத்தைத் தாண்டும்போது பேரம் பேசும் முறை

தவணைகளின் கூட்டுத்தொகை சம்பளத்தைத் தாண்டிவிட்ட வீட்டில் பணம் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வெளியே போகிறது. யார் அதிகம் போன் செய்கிறாரோ அவருக்கு முதலில். கார்டு ஏஜெண்ட் காலையிலிருந்து நாலு முறை அழைக்கிறார், கார்டுக்குக் கட்டுகிறார்கள். தண்டல்காரர் வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடிக்கிறார், அவருக்கும் கொடுத்து அனுப்புகிறார்கள். வீட்டுக் கடன் கொடுத்த வங்கி குறுஞ்செய்தியோடு நிறுத்திக்கொள்வதால் அது தள்ளிப்போகிறது. மூன்று மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் காகிதம் அனுப்புவது அந்த வங்கிதான். வழக்குப் போடாமலே வீட்டை எடுக்கும் அதிகாரமும் அதற்குத்தான் இருக்கிறது.

ஆகவே பேசத் தொடங்குமுன் ஒவ்வொரு கடனுக்கும் நேராக எழுதவேண்டியது வட்டி விகிதத்தை மட்டுமல்ல. இவர் கையில் என்ன பிடி இருக்கிறது, கட்டாவிட்டால் எதை எடுக்க முடியும், எத்தனை நாளில் எடுக்க முடியும் என்பதையும் எழுத வேண்டும். இந்தப் பட்டியல் இல்லாமல் பேசப் போகிறவர் எதிராளியின் குரலுக்குத் தகுந்தபடி வாக்குக் கொடுத்துவிட்டு வருவார்.

ஒரு குடும்பத்தைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். கைக்கு வரும் சம்பளம் 45,000 ரூபாய். மளிகை, பால், மின்சாரம், பள்ளிக் கட்டணம், மருந்து, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 18,000. மீதி 27,000. வீட்டுக் கடன் தவணை 14,000. நகைக் கடன் 1,80,000-க்கு ஆண்டு 10% என்றால் மாத வட்டி 1,500. மனைவி பெயரில் மகளிர் குழுக் கடன் 3,200. இவை போக மிஞ்சுவது 8,300. வெளியே நிற்பது தனிநபர் கடன் தவணை 9,500, இரண்டு கார்டுகளில் 2,40,000 நிலுவைக்குக் குறைந்தபட்சத் தொகை 12,000. ஆக 21,500 கேட்கும் இடத்தில் 8,300 இருக்கிறது. அந்த 8,300 முழுவதையும் கார்டுக்கே போட்டாலும் அங்கே வட்டி கூட அடையாது.

ஏன் அடையாது? கார்டு வட்டி மாதம் 3.5% என்று வைத்தால் ஒரு லட்சத்துக்கு 3,500. அந்த வட்டிமேல் 18% ஜிஎஸ்டி 630. மொத்தம் 4,130. நீங்கள் 5,000 கட்டினால் அசலில் குறைவது 870 ரூபாய். புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேய்க்காமல், மாதந்தோறும் 5,000 தவறாமல் கட்டினாலும் முடிய 44 மாதம் ஆகும். கட்டிய மொத்தம் சுமார் 2,16,000. நிலுவை இருக்கும்போது வட்டியில்லா நாட்கள் என்ற சலுகையும் போய்விடுகிறது. அடுத்து வாங்கும் அரிசி மூட்டைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதே ஒரு லட்சத்தை 16% வட்டியில் 36 மாதத் தனிநபர் கடனாக மாற்ற முடிந்தால் தவணை 3,516, மொத்தம் சுமார் 1,26,600. மாற்றிய கையோடு கார்டை மூடிவிட வேண்டும். மூடாதவர்கள் ஆறு மாதத்தில் கார்டு பாக்கி, புதுக் கடன் இரண்டையும் சுமப்பது சர்வசாதாரணம். கடன் தவறத் தொடங்கியபின் இப்படி மாற்றித் தர யாரும் முன்வர மாட்டார்கள் என்பதால் இந்த வழி முதல் தவணை பவுன்ஸ் ஆகும்வரைதான் திறந்திருக்கும்.

அந்தக் குடும்பத்தின் பட்டியலில் நகைக் கடன்தான் எளிதில் அவிழும் முடிச்சு. அடகு வைத்தபின் தங்கம் விலை ஏறியிருந்தால் நகையின் மதிப்பு கடனைவிட நன்றாகவே அதிகமாக இருக்கும். மாதாமாதம் வட்டி கட்டி, வருடக் கடைசியில் மறு அடகு வைத்து, ஒரு நாள் நகை மூழ்கிப்போவதைவிட, ஒரு பகுதியை மீட்டு விற்று மொத்தக் கடனையும் அடைப்பது லாபம். மிச்ச நகையும் கைக்கு வரும், மாதம் 1,500 வட்டியும் நிற்கும். ஏலத்துக்கே போய்விட்டாலும் கடன், வட்டி, செலவு போக மிஞ்சும் தொகை அடகு வைத்தவருடையது. அதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தாலிக்கொடியைத் தவிர மற்றதை விற்கலாமா என்ற பேச்சு வீட்டில் எவ்வளவு கசப்பாகும் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் மாதம் 4% வட்டி ஓடும் கடனை வைத்துக்கொண்டு பெட்டகத்தில் தங்கம் வைத்திருப்பதற்குக் கணக்கில் இடமில்லை.

இனி யாருக்கு என்ன பிடி என்று பார்ப்போம்.

வீட்டுக் கடன், சொத்து அடமானக் கடன் கொடுத்தவர்களுக்கு 2002-ஆம் ஆண்டின் சர்பேசி சட்டம் இருக்கிறது. 90 நாளுக்குமேல் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகும். பிறகு பிரிவு 13(2)-ன் கீழ் 60 நாள் நோட்டீஸ். அதற்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்பினால் வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். 60 நாளும் கடந்தால் சொத்தைச் சுவாதீனம் எடுக்கலாம். அதை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள் உண்டு. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் இந்தத் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. விவசாய நிலத்தின்மேல் இந்தச் சட்டம் பாயாது. பாக்கி ஒரு லட்சத்துக்குள் இருந்தாலும், அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்குக் குறைவாக மட்டுமே மிச்சம் இருந்தாலும் பாயாது. மற்றபடி இது வேகமான சட்டம். ஏல அறிவிப்பு வெளியாவதற்குள் பாக்கியைக் கட்டினால்தான் மீட்கும் உரிமை உறுதி.

கார்டு, தனிநபர் கடன், செயலிக் கடன் கொடுத்தவர்களுக்கு அடமானம் கிடையாது. அவர்கள் உரிமையியல் வழக்குப் போட வேண்டும், அல்லது ஒப்பந்தத்தில் உள்ளபடி நடுவர் (நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்ப்பவர்) வழியில் தீர்ப்பு வாங்க வேண்டும். தீர்ப்பு வந்தபின்னும் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது; உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 60 அப்படிச் சொல்கிறது. 31,000 சம்பளத்தில் அதிகபட்சம் 10,000. சமையல் பாத்திரம், உடுதுணி, கைவினைஞரின் தொழில் கருவி, வருங்கால வைப்பு நிதி எல்லாம் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. கட்ட முடியாத நிலை மட்டுமே காரணமாக ஒருவரைச் சிறையில் போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. "நாளைக்கு போலீஸ் வரும் சார்" என்ற மிரட்டல் இந்தக் கடன்களுக்குப் பெரும்பாலும் வெறும் சத்தம்.

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138 குற்றவியல் வழக்காகிறது: இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம். வங்கிக் கணக்கிலிருந்து தானாகத் தவணை பிடிக்க நீங்கள் கொடுத்த மின்னணு ஆணை பணமில்லாமல் திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா முறைகள் சட்டம் பிரிவு 25 அதே தண்டனையைச் சொல்கிறது. இதைப் பலர் அறிவதில்லை. இரண்டிலும் கடன் கொடுத்தவர் தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்தபின் உங்களுக்கு 15 நாள். அந்தப் 15 நாளைத் தூங்கிக் கழிப்பதுதான் பெரிய தவறு. வழக்கு எண் விழுந்த பிறகும் சமரசம் செய்துகொள்ளலாம், ஆனால் செலவு கூடிவிடும்.

இன்னொரு பிடி கண்ணுக்குத் தெரியாதது. சம்பளம் வரும் கணக்கும் கடனும் ஒரே வங்கியில் இருந்தால், சம்பளம் விழுந்த அன்றே வங்கி தன் பாக்கியை எடுத்துக்கொள்ள முடியும். வாடகைக்கு வைத்த பணமும் சேர்ந்தே போகும். தவணை தவறப்போகிறது என்று தெரிந்தால், அதற்குமுன் கடன் இல்லாத வேறு வங்கியில் கணக்குத் திறந்து சம்பளத்தை அங்கே மாற்றச் சொல்வது முதல் வேலை.

ஜாமீன்தாரரை மறந்துவிடக்கூடாது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128-ன்படி அவருடைய பொறுப்பு கடன் வாங்கியவருக்குச் சமம். முதலில் அவரைத் துரத்துங்கள், பிறகு என்னிடம் வாருங்கள் என்று அவர் சொல்ல முடியாது. மைத்துனரோ சித்தப்பாவோ கையெழுத்துப் போட்ட கடனை, அடமானம் இல்லாவிட்டாலும் மேல் வரிசையில் வைக்க வேண்டும். மகளிர் குழுக் கடனும் அப்படித்தான். அங்கே அடமானம் இல்லை. ஆனால் ஒருவர் கட்டாவிட்டால் சுமை தெருவில் உள்ள மற்றப் பெண்கள்மேல் விழுகிறது.

வரிசை தெரிந்தபின் பேச்சு. முதல் தவணை தவறுவதற்கு முன்பே ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். போனில் பேசுவது எதற்கும் சாட்சி ஆகாது. கடன் கணக்கு எண், வருமானம் குறைந்த காரணம், அதற்கான ஆதாரம் (பணி நீக்கக் கடிதம், மருத்துவமனை ரசீது, மூன்று மாத வங்கி அறிக்கை), எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு கட்ட முடியும், என்ன கேட்கிறீர்கள் என்பது இருந்தால் போதும். கேட்கக்கூடியவை தவணைக் காலத்தை நீட்டுதல், சில மாதம் வட்டி மட்டும் கட்டுதல், கார்டு நிலுவையைத் தவணையாக மாற்றுதல். மேலே சொன்ன குடும்பம் தனிநபர் கடனுக்கு 9,500-க்குப் பதில் 5,500 என்று கேட்கலாம். 7,000 தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து இரண்டாம் மாதமே தவறுவது மோசம். அடுத்த முறை எந்த அதிகாரியும் அந்தக் கோப்பைத் திறக்க மாட்டார். கடனை இப்படி மாற்றியமைத்தால் அதுவும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் தரும் கடன் அறிக்கையில் பதியும்; இருந்தும் வாராக்கடன் பதிவைவிட அது மேல்.

வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். ஆனால் எதற்குப் புகார் செய்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். கடனைக் குறைத்துக்கொடு, காலத்தை நீட்டு என்று குறைதீர்ப்பாளர் வங்கியைக் கட்டாயப்படுத்த மாட்டார், அது வங்கியின் வணிக முடிவு. ஏஜெண்டின் அத்துமீறல், தவறான கட்டணம், கடன் முடிந்தும் சான்றிதழ் தராதது, கடன் அறிக்கையில் பிழை ஆகியவற்றுக்குத்தான் அந்தக் கதவு.

90 நாள் தாண்டிவிட்டால் பேச்சின் தன்மையே மாறுகிறது. இனி வங்கிக்கும் ஒரு கணக்கு உண்டு. அடமானமில்லாத கடன் வாராக்கடன் ஆனதும் வங்கி அதில் 25 சதவீதத்தை நட்டத்துக்காக ஒதுக்கி வைக்க வேண்டும். அப்படியே 12 மாதம் கிடந்தால் 100 சதவீதமும் ஒதுக்கியாக வேண்டும். முழுவதும் ஒதுக்கிவிட்ட கடனில் பிறகு வருகிற ஒவ்வொரு ரூபாயும் வங்கிக்கு லாபக் கணக்கில் சேர்கிறது. நான்காவது மாதத்தில் அசலில் ஒரு ரூபாய் குறைக்க மறுத்த அதே வங்கி பதினைந்தாவது மாதத்தில் பாதியில் முடிக்க அழைப்பது இதனால்தான். மார்ச் மாதத்திலும் காலாண்டு முடிவுகளிலும் அழைப்புகள் இளகுவதற்குக் காரணம் வசூல் இலக்கு. எத்தனை சதவீதத்தில் முடியும் என்று பொது விதி கிடையாது. கார்டுக்கு ஒரு மாதிரி, வங்கிசாரா நிதி நிறுவனத்துக்கு வேறு மாதிரி. காத்திருப்பதற்கும் விலை உண்டு: வட்டி ஏறும், நடுவர் தீர்ப்பு வரலாம், கடன் அறிக்கை மேலும் கெடும்.

பேரத்துக்கு உட்காரும்போது கையில் பணம் இருக்க வேண்டும். பணம் இல்லாமல் தொகையை ஒப்புக்கொண்டு, அதற்காக வட்டிக்காரரிடம் ஓடுவது ஒரு குழியை மூட இன்னொன்றை வெட்டும் வேலை. முதலில் பாக்கியைப் பிரித்துக் கேளுங்கள்: அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தாமதக் கட்டணம் எவ்வளவு, ஜிஎஸ்டி எவ்வளவு. 2024 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் தவணை தவறியதற்கான அபராதத்தைக் கட்டணமாக மட்டுமே வாங்கலாம். அதை அசலோடு சேர்த்து வட்டி போடக்கூடாது. பேரம் அசலிலிருந்து கீழே இறங்க வேண்டும், அவர்கள் சொல்லும் மொத்தப் பாக்கியிலிருந்து அல்ல. ஒரே தொகையாகக் கட்டினால் தள்ளுபடி அதிகம், மூன்று நான்கு தவணை கேட்டால் குறையும்.

பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் இதற்கு அடுத்தது. "இன்றைக்கு 30,000 கட்டிவிடுங்கள், லெட்டர் நாளைக்கு வரும்" என்று ஏஜெண்ட் சொல்வார். கட்டியதும் அந்தப் பணம் பாக்கியில் வரவு வைக்கப்படும், கடன் அப்படியே நிற்கும். கடிதம் வராமல் ஒரு ரூபாயும் போகக்கூடாது. கடிதம் வங்கியின் சொந்தத் தலைப்பில், வங்கியின் மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும். வசூல் ஏஜென்சியின் தலைப்பில் வந்தால் செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கிளையிலோ வாடிக்கையாளர் சேவையிலோ காட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும். கணக்கு எண், தீர்வுத் தொகை, கட்டவேண்டிய தேதிகள், இது முழுமையான இறுதித் தீர்வு என்ற வாசகம், மிச்சப் பாக்கி தள்ளுபடி, போட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுதல், வெற்றுக் காசோலைகளைத் திருப்பித் தருதல், கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவித்தல் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து கடன் கணக்குக்கே போக வேண்டும், ஏஜெண்டின் ஜிபே எண்ணுக்கு அல்ல. தேதி ஒரு நாள் தவறினாலும் தீர்வு ரத்து என்று பெரும்பாலான கடிதங்களில் எழுதியிருக்கும். மூன்று தவணையில் இரண்டைக் கட்டி மூன்றாவதைத் தவறவிட்டால் கட்டியதும் பாக்கிக்குள் கரைந்துவிடும்.

உங்களுக்காகப் பேசுகிறோம், இனி வங்கிக்குக் கட்டாதீர்கள், எங்களுக்கு மாதக் கட்டணம் கட்டுங்கள் என்று விளம்பரம் செய்யும் தீர்வு நிறுவனங்களும் பெருகிவிட்டன. அவர்களோடு பேச வங்கிக்கு எந்தக் கடமையும் இல்லை. அவர்கள் செய்வது மேலே சொன்ன அதே காத்திருப்பு. அந்தக் காலத்தில் வரும் நோட்டீசுகள் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

நோட்டீசுகளில் அலட்சியம் செய்யக்கூடாதது நடுவர் நோட்டீஸ். வாட்ஸ்அப்பில், எங்கோ தொலைவிலுள்ள ஊரின் வழக்கறிஞர் பெயரில் வரும். போலி என்று நினைத்து அழித்துவிடுவார்கள். கடன் கொடுத்த நிறுவனமே தன்னிச்சையாக நடுவரை நியமித்திருந்தால் அதை எதிர்க்கலாம், 2019-இல் உச்ச நீதிமன்றம் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் சொன்னது அதற்கு ஆதாரம். எழுத்தில் எதிர்த்தால்தான் அது பயன்படும். பேசாமல் இருந்தால் ஒருதலையாகத் தீர்ப்பு வந்து, அதை நீதிமன்ற ஆணைபோலவே நிறைவேற்ற முடியும். தீர்ப்பை எதிர்க்க மூன்று மாதம் அவகாசம். மக்கள் நீதிமன்றத்திலிருந்து வரும் அழைப்பு வேறு வகை. அங்கே போகலாம், ஒப்புக்கொள்ளும் கட்டாயம் இல்லை. ஆனால் அங்கே கையெழுத்திட்ட சமரசத்துக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால், கட்ட முடியாத தொகைக்கு அங்கே தலையாட்டக்கூடாது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

வசூல் ஏஜெண்டுகளுக்கு 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வைத்த எல்லை காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது என்பது. மகளிர் குழு போன்ற நுண்கடனுக்கு அது 9 முதல் 6 வரை. உறவினருக்கும் அலுவலகத்துக்கும் சொல்லி அவமானப்படுத்துவது, பொதுவில் திட்டுவது எல்லாம் தடை. வாசலுக்கு வருபவரிடம் அடையாள அட்டையும் வங்கியின் அதிகாரக் கடிதமும் கேளுங்கள். அழைப்புகளைப் பதிவு செய்து, தேதி நேரத்தோடு வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். போனில் சண்டை போட்டுக் கிடைக்காதது இந்த மின்னஞ்சலில் கிடைக்கும், ஏனெனில் ஏஜெண்டின் செயலுக்கு வங்கியே பொறுப்பு. படத்தை ஆபாசமாக மாற்றி அனுப்பும் செயலிகளோடு பேரமே வேண்டாம், 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணில் புகார் செய்யுங்கள். அவமானமும் தூக்கமின்மையும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை தள்ளினால் 104 அல்லது 14416 எண்ணில் இரவிலும் பேச ஆள் இருக்கிறார்கள். கடனுக்கு அவகாசம் எப்போதும் வாங்கிவிடலாம்.

வட்டிக்காரர்களிடம் ரிசர்வ் வங்கியின் இந்த விதிகள் எதுவும் செல்லாது, அங்கே வேறு சட்டம். தண்டலில் 10,000 என்று எழுதி 8,500 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்கினால் ஆண்டு வட்டி சுமார் 120%. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். வலுக்கட்டாய வசூலைக் குற்றமாக்கும் இன்னொரு சட்டத்தையும் சட்டமன்றம் 2025-இல் நிறைவேற்றியது. இருந்தும் உண்மையான ஆயுதம் வட்டிக்காரரிடம் இருக்கும் வெற்றுப் புரோநோட்டும் வெற்றுக் காசோலையும்தான். ரொக்கமாகக் கொடுத்ததற்கு ரசீது இராது. பணத்தை வங்கி வழியாக அனுப்பத் தொடங்குங்கள், அதுவே சாட்சி. இதுவரை கொடுத்ததைத் தேதிவாரியாக எழுதுங்கள். அசலைத் தாண்டிவிட்டது என்று காட்ட முடிந்தால் ஊர்ப் பெரியவர் முன்னிலையிலோ வழக்கறிஞர் வழியிலோ ஒரு தொகைக்கு முடித்துவிடலாம். முடிக்கும்போது புரோநோட்டைக் கையில் வாங்காமல் எழுந்திருக்கக்கூடாது. பழைய நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்துக் கேட்டால் யோசித்துப் போடுங்கள். புரோநோட்டு வழக்குக்கு மூன்று ஆண்டு காலவரம்பு. வரம்புக்குள் போடும் அந்தக் கையெழுத்து மூன்று ஆண்டைப் புதிதாக ஓட வைக்கும்.

எதுவும் முடியாதபோது ஊரில் மஞ்சக் கடுதாசி என்று சொல்லும் திவால் மனு. தனிநபருக்கு இன்றும் மாவட்டங்களில் 1920-ஆம் ஆண்டுச் சட்டமும், சென்னையில் 1909-ஆம் ஆண்டுச் சட்டமுமே ஓடுகின்றன. மெதுவான வழி. சொத்து நீதிமன்ற அதிகாரியின் கைக்குப் போகும். வீட்டுக் கடனுக்கு அடமானம் வாங்கிய வங்கியின் உரிமை அப்போதும் போகாது. மனுவுக்குமுன் மனைவி பெயருக்கோ அண்ணன் பெயருக்கோ சொத்தை எழுதிவைத்தால் அந்தப் பத்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்ய முடியும், மனுவும் கெடும்.

கடன் தீர்ந்தபின் செய்யவேண்டியது ஒன்று மிச்சம். கடன் இல்லைச் சான்றிதழை வாங்கி வையுங்கள். அடமானப் பத்திரங்களை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. தள்ளுபடியில் முடித்த கணக்கு கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிந்து சுமார் ஏழு ஆண்டு நிற்கும். சமரசம் செய்தவருக்கு அதே வங்கி குறைந்தது 12 மாதம் புதுக் கடன் தராது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கிலும் ஆண்டுக்கொரு முறை அறிக்கை இலவசம். முடித்து 45 நாள் கழித்து நான்கையும் எடுத்துப் பாருங்கள்; முடிந்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டினால் புகார் செய்யுங்கள். 30 நாளில் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குச் சேரும். பின்னால் கையில் பணம் வந்து, தள்ளுபடி செய்த மிச்சத்தையும் கட்ட வங்கி சம்மதித்தால் 'செட்டில்டு' என்பதை 'குளோஸ்டு' என்று மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் கடிதம் முதலில், பணம் பிறகு.